படுகைத்திசு, நார்ச்சடைப்பு: 'அரண்திசு' ஏன் வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

'ஸ்ட்ரோமா' (உறுப்பிலோ கட்டியிலோ மற்றச் செல்களைத் தாங்கி நிற்கும் திசு), 'டெஸ்மோபிளேசியா' (புற்றுக்கட்டியில் அந்தத் திசு நாராக மண்டுவது) இரண்டுக்கும் தமிழ்ச் சொல் கேட்டு நான் எழுதிப் பத்து நாளாகிறது. இத்தனை பேர் யோசித்துப் பதில் எழுதியதற்கு நன்றி. வந்த சொற்களில் 'அரண்திசு'வுக்குத்தான் ஆதரவு அதிகம். படித்தவுடன் எனக்கும் பிடித்திருந்தது. ஆனாலும் அது வேண்டாம் என்று நினைக்கிறேன். இலக்கணக் குறை எதுவும் இல்லை. அந்தத் திசுவைப் பற்றிய ஆய்வு கடந்த பதினைந்து ஆண்டுகளில் போன வழிதான் காரணம்.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். நான் வேலை பார்ப்பது திசுக்களைச் சீவிச் சாயமேற்றிப் பார்க்கும் ஆய்வகத்தில். கணையப் புற்றுக்கட்டி கைக்கு வந்தால் வெட்டும்போதே தெரியும். கல்லீரல் மாதிரி கத்தி வழுக்கிக்கொண்டு போகாது, நறநறவென்று பிடிக்கும். வெட்டிய முகம் வெளுத்துக் கெட்டியாக இருக்கும். மெல்லிய சீவலை ஸ்லைடில் வைத்து டிரைகுரோம் சாயம் போட்டால் கொலாஜன் நார் எல்லாம் நீலமாகிவிடும். அப்புறம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் எங்கு பார்த்தாலும் நீலம்தான். அலை அலையாக நார். அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கோணல்மாணலான சிறு குழாய் வடிவில் புற்றுச்செல்கள். சில கட்டிகளில் பத்தில் எட்டு, ஒன்பது பங்குகூட இந்த நார்ப்பகுதியே இருக்கும். கட்டி என்று சொல்கிறோமே, அதில் புற்று கொஞ்சம்தான்.

இந்த நாரைப் போடுவது யார்? கணையத்தில் விண்மீன் வடிவச் செல்கள் உண்டு. 1998-இல் சிட்னியில் மினோட்டி ஆப்தே குழுவும் ஜெர்மனியின் உல்ம் நகரில் மாக்ஸ் பாஹெம் குழுவும் அவற்றைத் தனித்தனியே பிரித்தெடுத்துக் காட்டின. நலமான கணையத்தில் அவை உள்ளே வைட்டமின் ஏ துளிகளை வைத்துக்கொண்டு அடங்கிக் கிடக்கின்றன. பக்கத்துக் குழாய்ச்செல்லில் கேராஸ் மரபணு பழுதாகிப் புற்று முளைத்தால் (இந்த நோயில் பத்துக்கு ஒன்பது கட்டிகளுக்கு மேல் அந்தப் பழுது இருக்கும்) அங்கிருந்து வரும் சமிக்ஞைகள் இவற்றை உசுப்பிவிடுகின்றன. துளிகளை இழக்கின்றன, சுருங்கி விரியும் புரதத்தை உண்டாக்குகின்றன, நிறுத்தாமல் கொலாஜன் சுரக்கின்றன. உள்ளழுத்தம் ஏறி, சிறு ரத்தக் குழாய்கள் நசுங்கி மூடிக்கொள்கின்றன.

இனி ஐயா எழுதிய கேள்விக்கு வருகிறேன்.

> மருந்தை உள்ளே விடாமல் தடுப்பதே அந்தத் திசுதான் என்றால் 'அரண்' என்பதைவிடப் பொருத்தமான சொல் ஏது? கணையம் என்ற பெயரே கோட்டைக் கதவின் குறுக்குமரத்தைச் சொன்னதுதானே?

கணையமரம் பற்றி நீங்கள் சொன்னது சரி, ஐயா. 'எழு' என்ற சொல்லுக்குப் பழைய உரைகள் அந்தப் பொருளைத்தான் தருகின்றன. அந்தத் தொடர்பைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் 'அரண்' என்றால் அது காக்கிறது என்று பொருள். யாரைக் காக்கிறது? புற்றை. அப்படியானால் அரணை இடித்தால் புற்று மாட்டிக்கொள்ள வேண்டும். ஆய்வாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 2009-இல் கேம்பிரிட்ஜில் டேவிட் டுவசன் குழு, மனிதக் கட்டியைப் போலவே நார் மண்டிய கட்டி வரும்படி மரபணு மாற்றிய எலிகளில் அதைச் சோதித்தது. நார்ச்செல்களை உசுப்பும் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞையை ஒரு மருந்தால் அடைத்தார்கள். நார் குறைந்தது, ரத்தக் குழாய் பெருகியது, கூடவே கொடுத்த ஜெம்சிடபின் என்ற புற்றுமருந்து உள்ளே போய்ச் சேர்ந்தது, எலிகளின் ஆயுளும் கூடியது. அன்றைக்கு நாம் சொல் தேடியிருந்தால் நானே அரண்திசு என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அந்த மருந்தை நோயாளிகளிடம் கொண்டுபோனபோது நடந்தது வேறு. 2012-இல் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. ஜெம்சிடபினோடு இந்த மருந்தையும் பெற்றவர்கள், ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களைவிட மோசமாக இருந்தார்கள். ஏன் என்று எலிகளில் திரும்பிப் பார்த்தார்கள். 2014-இல் ரகு கல்லூரி (Raghu Kalluri) என்ற ஆய்வாளரின் குழு நார்ச்செல்களையே அழித்துப் பார்த்தது. பென் ஸ்டாங்கர் குழு, புற்றுச்செல்லிலிருந்து அந்த ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையே வராமல் செய்தது. இரண்டிலும் நார் குறைந்தது, புற்று இன்னும் வெறிகொண்டு பரவியது, எலிகள் சீக்கிரம் செத்தன. மருந்தைத் தடுத்த அதே நார், புற்றையும் பிடித்துக் கட்டிவைத்திருந்திருக்கிறது.

அதோடும் முடியவில்லை. நாருக்கிடையே நீரை இழுத்து அழுத்தத்தை ஏற்றும் ஹயலுரோனான் என்ற பொருளைக் கரைக்க ஒரு நொதி வந்தது. மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2019-இல் தெரிந்தது: நொதி பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.2 மாதம், பெறாதவர்களுக்கு 11.5 மாதம். எலியில் அவ்வளவு நம்பிக்கை தந்த வழி அது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் காத்திருந்தது என்பதால் இந்த எண்களை என்னால் சட்டென்று கடந்துபோக முடிவதில்லை.

இப்போது 'அரண்திசு' என்று அச்சிட்டுப் பரப்பினால், 2009-இன் கருத்தைச் சொல்லுக்குள் வைத்துப் பூட்டியவர்களாவோம். அதைப் படிக்கும் மாணவர் 2014-இன் முடிவைப் புரிந்துகொள்ளச் சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டும். சிறையா, அரணா, ஊட்டும் மடியா, எல்லாமுமா என்று இன்னும் தீராத வழக்கு இது. அதனால் திசு என்ன செய்கிறது என்பதை விட்டுவிட்டு, எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல் சொன்னால் போதும். கண்ணால் கண்டது மாறாது.

'தழும்புத்திசு' என்று எழுதிய நண்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் சொல்லுக்குப் பின்னால் நல்ல வரலாறு இருக்கிறது. புற்றுக்கட்டி ஆறாத புண் என்று ஹரால்ட் டுவோராக் 1986-இலேயே எழுதினார். புண் ஆறும்போது நடக்கும் அதே வேலைகள் இங்கும் நடக்கின்றன, நிற்பதுதான் இல்லை. ஆனால் தமிழில் தழும்பு என்றாலே ஆறி முடிந்தது. இது முடியாதது. 'காய்ப்பு' என்று சொன்னவர் உலக்கை பிடித்த கையை நினைத்துச் சொன்னார். ஓயாத உராய்வால் இறுகுவது என்ற கருத்து அழகுதான். ஆனால் கையில் காய்த்துப்போவது மேல்தோல், கணையத்தில் பெருகுவதோ அடியில் கிடக்கும் நார்.

என் மனசு நின்ற இடம், யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய இரண்டே வரி:

> எங்கட பக்கம் பலாப்பழம் வெட்டினால் சில பழத்தில சுளை குறைவு, சடைதான் கூட. நீங்கள் சொல்லுற கட்டி அப்பிடித்தான் கிடக்கு போல. மரமும் 'சடைச்சு வளந்திருக்கு' எண்டுதான் சொல்லுறனாங்கள்.

அக்கா, இதைப் படித்துவிட்டு மறுநாள் அதே ஸ்லைடை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சுளை குறைந்த பலாப்பழம், அச்சு அசல். 'சடை' (சுளைகளுக்கு இடையே கிடக்கும் நார்) என்ற சொல் நாரைச் சொல்கிறது, நெருக்கத்தைச் சொல்கிறது, பின்னிக்கொண்டு வளர்வதைச் சொல்கிறது. நல்லது கெட்டது எதையும் ஏற்றிச் சொல்லவில்லை. மேலும் 'சடை' வினையாகவும் வருகிறது. கலைச்சொல்லுக்கு இது பெரிய வசதி. கட்டி சடைக்கிறது, சடைத்த கட்டி, சடைப்பு. பெயர்ச்சொல்லை மட்டும் செய்துவைத்துவிட்டு வினைக்குத் திண்டாடும் எத்தனையோ கலைச்சொற்களை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆக, டெஸ்மோபிளேசியாவுக்கு 'நார்ச்சடைப்பு'. 'நார்' சேர்த்ததற்குக் காரணம் உண்டு. வெறும் 'சடைப்பு' என்றால் தமிழ்நாட்டில் பலருக்குத் தலைமுடி நினைவு வரும், சிலருக்குச் 'சடைத்துக்கொள்வது' நினைவு வரும். நோயறிக்கையைக் கையில் வாங்கும் குடும்பத்துக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வரக்கூடாது.

ஸ்ட்ரோமா வேறு. அது எல்லா உறுப்பிலும் இருப்பது. கண்ணின் கருவிழியிலும் உண்டு, சினைப்பையிலும் உண்டு. அங்கெல்லாம் சடைப்பு கிடையாது. எனவே இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது. அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் விரிப்பு, படுக்கை. நமக்குப் 'படுகை' இருக்கிறது. ஆற்றோரத்தில் வண்டல் படிந்து பயிர் நிற்கும் நிலம். புற்று பரவுவதை விதையும் நிலமுமாக ஸ்டீபன் பேஜட் விளக்கியது 1889-இல். அந்தப் பார்வைக்கும் படுகை ஒத்துவருகிறது. படுகைத்திசு, படுகைச்செல் என்று வைத்துக்கொள்ளலாம். பசுங்கணிகப் பாடத்திலும் 'ஸ்ட்ரோமா' வருகிறதே, அதற்கும் இதுவா என்று தாவரவியல் ஆசிரியர் கேட்டிருந்தார். வேண்டாம், அம்மா. அது பசுங்கணிகத்துக்குள் நிரம்பியிருக்கும் பாய்மம், இது திசு. ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சொல் நிற்குமா என்று வாக்கியத்தில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இப்படி எழுதிப் பார்த்தேன்: "கணையப் புற்றில் படுகைத்திசு கடுமையாகச் சடைக்கிறது. புற்றுச்செல்லை ஒட்டியிருக்கும் படுகைச்செல்கள் நாரைப் போடுகின்றன, சற்றுத் தள்ளியிருப்பவை அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன." இரண்டாவது வாக்கியம், 2017-இல் டுவசன் குழுவே கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில், விண்மீன் செல்களையும் கணையக் கட்டியிலிருந்து வளர்த்த குட்டி உறுப்புருக்களையும் ஒரே ஜெல்லில் வைத்துக் கண்டது. படுகைச்செல் எல்லாம் ஒரே சாதி இல்லை என்று தெரிந்தது அங்கேதான். 'அரண்செல்' என்று போட்டு அதே வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், இடறும்.

இன்னொன்றும் கிடைத்தது. எதிர்பார்க்காதது. நாரை அழிப்பது தோற்றபின், உசும்பிய செல்லை மறுபடி அடங்க வைக்கலாமா என்று பார்க்கிறார்கள். வைட்டமின் ஏ வழியாக லண்டனில் ஒரு குழு முயன்றது. வைட்டமின் டி ஏற்பியின் வழியாக சால்க் நிறுவனத்தில் ரான் எவன்ஸ் குழு 2014-இல் எலிகளில் காட்டியது. இந்த இரண்டு உத்திக்கும் தமிழில் தனித்தனிச் சொல் வேண்டும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். சடை என்று வைத்ததும் இரண்டும் தானாக வந்துவிட்டன. நாரை அழிப்பது 'சடை நீக்கம்'. செல்லை அடங்க வைப்பது 'சடை தளர்த்தல்'.

செல்லின் அந்த அடங்கிய நிலைக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'உறக்கநிலை' என்று எழுதலாம் என்றால், புற்றுச்செல் பல ஆண்டு பதுங்கிக் கிடப்பதற்கு ஏற்கெனவே அதைப் பயன்படுத்துகிறோம். 'அடக்கநிலை' சரிவருமா, அக்கா? யாழ்ப்பாணத்தில் அதற்கு வேறு பொருள் தொனிக்குமா?