ரிகர்வ் வில்லுக்கு வீட்டில் தனியாக நாணேற்றுவது எப்படி?

கேள்வி

வணக்கம். என் மகளுக்கு 13 வயது. ஆறு மாதங்களாக வில்வித்தை பயில்கிறாள். சென்ற மாதம் அவளுக்கென்று 66 அங்குல நீளமும் 24 பவுண்டு இழுவிசையும் கொண்ட, கழற்றி மாட்டும் வகை ரிகர்வ் வில் ஒன்றை வாங்கினோம். மைதானத்தில் மூத்த மாணவர்கள் சிலர் வில்லின் கீழ்முனையைக் கணுக்காலில் கொடுத்து, தொடையை ரைசரில் (கைப்பிடி உள்ள நடுப்பகுதி) அழுத்தி, மேல் லிம்பைக் (ரைசரில் மாட்டும், வளையக்கூடிய கை) கையால் வளைத்து நாணேற்றுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் நானும் அப்படியே முயன்றபோது கீழ்முனை நழுவி, மேல் லிம்ப் என் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. கண்ணுக்கும் காயத்துக்கும் இடையில் இரண்டு விரற்கடைதான். வில்லோடு வந்த பையில் ஒரு முனையில் தோல் உறையும் மறுமுனையில் ரப்பர் கட்டையும் கோத்த நைலான் கயிறு ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு நாணேற்றும் முறையை அனுபவமுள்ளவர்கள் படிப்படியாகச் சொல்ல வேண்டுகிறேன்.

முதல் பதில்

கண் தப்பியது பெரிய ஆறுதல், ஐயா. தொடையால் வளைக்கும் முறையை இன்றோடு விட்டுவிடுங்கள். அதில் விசை இரண்டு லிம்புகளிலும் நேராக இறங்காமல் பக்கவாட்டில் திருகி இறங்குகிறது. நழுவினால் முனை நேராக முகத்துக்குத்தான் வரும். உங்களிடம் உள்ள கயிற்றின் பெயர் ஸ்ட்ரிங்கர். நான் பல ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். இந்தக் கயிறு இல்லாமல் யாரையும் நாணேற்ற விடுவதில்லை.

முதலில் லிம்புகள் ரைசரில் முழுமையாக அமர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து, வில்லின் திசையைப் பாருங்கள். நாண் இல்லாத ரிகர்வ் வில்லின் முனைகள் அம்பு பாயும் பக்கம் நோக்கி வளைந்திருக்கும். நாணேற்றும்போது அந்த வளைவுக்கு எதிராகத்தான் லிம்ப் மடங்க வேண்டும். புதியவர்கள் இருக்கிற வளைவோடு சேர்த்தே மடக்கிவிடுகிறார்கள், லிம்பின் அடுக்குகள் பிரிந்துபோகின்றன.

நாணின் பெரிய வளையத்தை மேல் லிம்பில் நுழைத்துக் கீழே தள்ளிவிடுங்கள். சிறிய வளையத்தைக் கீழ் லிம்பின் முனைப் பள்ளத்தில் மாட்டுங்கள். ஸ்ட்ரிங்கரின் தோல் உறையைக் கீழ்முனையில் போர்த்துங்கள். ரப்பர் கட்டையை மேல் லிம்பில், நாண் வளையத்தை ஒட்டி ரைசர் பக்கமாக வையுங்கள். வளையம் முனையை நோக்கி நகர வழி திறந்திருக்க வேண்டும். இப்போது வில்லைக் கிடையாகப் பிடித்தால் நாணும் கயிறும் தரையை நோக்கித் தொங்கும். கயிற்றின் நடுவில் இரு கால்களையும் தோளகலம் விரித்து ஊன்றி, ஒரு கையால் பிடியை நேராக மேலே தூக்குங்கள். லிம்புகள் மடங்கியதும், மறு கையால் மேல் வளையத்தை முனை வரை தள்ளிப் பள்ளத்தில் அமர்த்துங்கள்.

பெரும்பாலானோர் தூக்குவதையே ஆபத்தான கட்டமாக எண்ணுகிறார்கள். நான் அஞ்சுவது இறக்கும் நொடிக்குத்தான். வளையம் ஒரு பக்கம் மட்டும் பள்ளத்தில் விழுந்து மறு பக்கம் விளிம்பில் நின்றாலும் கைக்கு அது சரியாக மாட்டியதுபோலவே தோன்றும். ஆகவே கயிற்றில் இழுவை இருக்கும்போதே மேல், கீழ் இரண்டு முனைகளையும் கண்ணால் பார்த்த பிறகுதான், விரல்களை விலக்கி மெல்ல இறக்க வேண்டும். அந்த நேரத்தில் முகத்தை முனைகளுக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாவது பதில்

மேலே சொன்னதோடு என் அனுபவம் ஒன்றையும் சேர்க்கிறேன். நான் முதல் ஓராண்டு தொடையால்தான் நாணேற்றினேன். ஒருநாள் அம்புகள் காரணமின்றி இடப்பக்கம் சிதறத் தொடங்கின. என் பிடியையும் விரல்களையும் குறை சொல்லிக்கொண்டே மூன்று வாரம் கழித்தேன். பிறகு தோழி ஒருத்தி வில்லின் முனையிலிருந்து கண்ணை ஓட்டிப் பார்த்தபோது, கீழ் லிம்பை நாண் நடுவாகப் பிரிக்காமல் ஓரமாக ஓடியது தெரிந்தது. லிம்ப் முறுக்கிக்கொண்டிருந்தது, மாற்ற வேண்டியதாயிற்று. நாணேற்றியதும் இப்படி இரு முனைகளிலிருந்தும் ஒருமுறை பார்ப்பதை உங்கள் மகளுக்கு இப்போதே பழக்கிவிடுங்கள்.

தரையையும் கவனியுங்கள். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் நைலான் கயிறு காலடியில் உருளும். ரப்பர் அடி கொண்ட காலணியுடன், மண் தரையிலோ சொரசொரப்பான சிமெண்ட் தரையிலோ நின்று செய்யுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று காலை மொட்டை மாடியில் செய்து பார்த்தேன். முதல் முறை ரப்பர் கட்டை வழுக்கியது. லிம்பில் படிந்திருந்த எண்ணெய்ப் பசையைத் துடைத்ததும் நின்றது. பிடியை இடுப்புக்கு மேலே தூக்க வேண்டியிருந்தது, மகளுக்கு அது இயலாது. மேலும், பிடியின் உட்பள்ளத்திலிருந்து நாண் வரை அளந்தால் 7¾ அங்குலம்தான் வருகிறது. இது சரிதானா?

முதல் பதில் தந்தவர்

கயிறு நீளமாக இருக்கிறது. முடிச்சை மாற்றி, நாணேற்றும்போது பிடி முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும்படி குறைத்துவிடுங்கள். கால்களை இன்னும் விரித்து நின்றாலும் ஓரளவு குறையும்.

நீங்கள் அளந்தது பிரேஸ் ஹைட். 66 அங்குல ரிகர்வ் வில்லுக்கு அது பொதுவாக 8¼ முதல் 8¾ அங்குலம் வரை இருக்கும். உங்கள் வில்லோடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஸ்ட்ரிங்கரைக் கொண்டு நாணை இறக்கி, ஒரு வளையத்தைக் கழற்றி, நாண் ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே ஐந்தாறு சுற்று முறுக்கி, மீண்டும் ஏற்றி அளந்து பாருங்கள். முறுக்கினால் நாண் குறுகும், பிரேஸ் ஹைட் கூடும். புது நாண் முதல் சில நாட்களில் சற்று நீளும் என்பதால் தினமும் அளப்பது நல்லது. அளந்து முடித்ததும் அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டுவிடாதபடி மகளிடம் சொல்லிவையுங்கள். அம்பு ஏற்க வேண்டிய விசை முழுவதும் லிம்புகளுக்கே திரும்பும். பயிற்சி முடிந்ததும் இதே கயிற்றால் நாணை இறக்கிவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விட்டுவைத்தால் லிம்பின் பசை இளகும்.