மறு: கிளைக்கோசிடேஸ் – சிதைப்பியா, அவிழ்ப்பியா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> கிளைக்கோசிடேஸ் = சர்க்கரைச் சிதைப்பி. மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

கிளைக்கோசிடேஸ் என்ற நொதிக்கு இந்தச் சொல்லை நம் தமிழ்க் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம் என்று குழுவில் வந்த இந்த யோசனைக்கு எனக்கு மறுப்பு உண்டு. முப்பது வருடம் ஆய்வகத்தில் இந்த ஒரு வகை நொதியோடுதான் வேலை செய்தேன். ஓய்வு பெற்றுக் கோத்தகிரிக்கு வந்த பிறகும் இதை விட மனம் வரவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த நொதி சர்க்கரையைச் சிதைப்பதே இல்லை. சர்க்கரைக்கும் அதோடு சேர்ந்திருக்கும் பொருளுக்கும் நடுவிலுள்ள பிணைப்பில் ஒரு நீர் மூலக்கூற்றைப் புகுத்தி, இரண்டையும் பிரித்துவிடுகிறது. சர்க்கரை முழுசாக வெளியே வருகிறது. நான் முதன்முதலில் செய்த சோதனை இன்னும் கண்ணில் நிற்கிறது. நைட்ரோபீனாலும் குளுக்கோஸும் பிணைந்த நிறமற்ற கரைசல். அதில் பாதாம் பருப்பிலிருந்து எடுத்த நொதி சில துளி. கொஞ்ச நேரம் கழித்துச் சோடியம் கார்பனேட் விட்டதும் குழாய் முழுக்க மஞ்சள். குளுக்கோஸ் விலகியதும் தனித்து நின்ற நைட்ரோபீனாலின் நிறம் அது. அந்த மஞ்சளை அளந்து அளந்துதான் முனைவர் பட்டமே வாங்கினேன்.

இங்கே தேயிலைத் தொழிற்சாலை வாசலில் நின்றால் மூக்குக்கே இது தெரியும். பச்சைக் கொழுந்தில் லினலூல், ஜெரானியால் போன்ற மணப்பொருள்களில் பெரும்பங்கு பிரைமெவெரோஸ் என்ற இரட்டைச்சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. கட்டுண்டவரை மணம் கிடையாது. நொதி இருப்பது செல்சுவர்ப் பக்கம். வாட்டிய இலையை உருட்டும்போது செல்கள் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன; மணம் விடுபடுகிறது. (அதற்கடுத்து இலை செம்பு நிறமாவதைப் ‘புளிக்கவைப்பது’ என்கிறார்கள். அங்கே எதுவும் புளிப்பதில்லை; பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற வேறொரு நொதி செய்யும் ஆக்சிஜனேற்றம் அது. தப்பான சொல் ஒன்று ஒட்டிக்கொண்டால் பிறகு உரிப்பது எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.)

போன மாதம் இங்குள்ள ஒரு பள்ளியில் இதைச் சொல்லும்போது நானும் ‘சிதைப்பி’ என்றே சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “சர்க்கரை சிதைஞ்சுட்டா அப்புறம் இனிக்குமா சார்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவளைக் குழப்பியது அந்தச் சொல்தான்.

என் பரிந்துரை: சர்க்கரை அவிழ்ப்பி. வண்டியில் பூட்டிய மாட்டை அவிழ்த்துவிட்டால் மாடும் முழுசாக இருக்கும், வண்டியும் முழுசாக இருக்கும். இங்கே நடப்பதும் அதுதான்.

டி.என்.ஏ.வின் இரட்டை இழையைப் பிரிக்கும் ஹெலிகேஸ் நொதிக்கு ‘அவிழ்ப்பி’ என்று யாரோ ஏற்கெனவே எழுதியிருப்பதாக ஒரு நண்பர் சொன்னார். முன்னால் ‘சர்க்கரை’ நிற்பதால் குழப்பம் வராது. ‘சர்க்கரை என்றாலே மக்களுக்கு நோய்தான் நினைவுக்கு வரும்’ என்பது இன்னொருவர் கவலை. சரி, அந்த நோயை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். அகார்போஸ் என்ற மாத்திரை, குடலில் மாவுச்சத்துத் துண்டுகளிலிருந்து குளுக்கோஸைப் பிரிக்கும் இதே வகை நொதியைத் தடுக்கிறது; அதனால் சாப்பிட்டபின் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. ‘சர்க்கரைச் சிதைப்பியைத் தடுக்கும் மாத்திரை’ என்று எழுதினால், சர்க்கரையை அழிப்பதையா தடுக்கிறார்கள் என்று நோயாளி பயந்துபோவார். ‘சர்க்கரை அவிழ்ப்பியைத் தடுக்கும் மாத்திரை’ என்றால் விஷயம் நேராகப் போய்ச் சேர்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு வாக்கியமே போதும்.

எதிர்வேலை செய்யும் கிளைக்கோசில் டிரான்ஸ்ஃபரேஸுக்கு, அதாவது சர்க்கரையைச் சுமந்து நிற்கும் ‘சர்க்கரை நியூக்ளியோடைடு’ மூலக்கூறுகளிலிருந்து (இவற்றைக் கண்டறிந்ததற்கே லெலுவார் என்ற உயிர்வேதியியலாளர் 1970இல் நோபல் பெற்றார்) சர்க்கரையை எடுத்து வேறொன்றில் சேர்க்கும் நொதிகளுக்கு, ‘சர்க்கரை பூட்டி’ என்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன். ஒரே தயக்கம், பூட்டுக்குள் சாவிபோல நொதிக்குள் அதற்குரிய பொருள் பொருந்தும் என்று வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன பூட்டு–சாவி உவமை எல்லா நொதிகளுக்கும் பொது. மாணவர்கள் அதோடு இதை முடிச்சுப் போடக்கூடும். ‘ஏர் பூட்டுவது’ இன்னும் காதில் விழும் ஊர்க்காரர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதுவரை பட்டியலில் அந்த வரிசையைக் காலியாகவே விட்டுவைக்கலாம்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து