வகுப்பில் பேசும்போது மகளுக்கு நடுவில் மறந்துவிடுகிறது

கேள்வி: வெள்ளிக்கிழமை ஏழாம் வகுப்பு மகள் முல்லைப் பெரியாறு அணை பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். முழுவதும் மனப்பாடம்தான், ஆனால் ஒரு சொல் தவறினால் அப்படியே நின்று கண் கலங்கிவிடுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: ஒப்பிக்க விடாதீர்கள். தண்ணீர் போகும் வழியிலேயே பேச்சும் போகட்டும்: மேற்கே ஓடிய பெரியாறு, குறுக்கே அணை, மலையைக் குடைந்த சுரங்கம், அப்புறம் கிழக்கே வைகை. நான்கு படங்களை அவளே வரைந்து, பார்த்துப் பார்த்துத் தன் சொல்லில் சொல்லட்டும்.

பதில்: அணை வேலை 1887 தொடக்கம், 1895 முடிவு, கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் பெயர், இவை மட்டும் சின்ன அட்டையில் இருந்தால் போதும். என் பையனைப் பாட்டி எதிரே நிற்கவைத்தேன், அவர் நடுநடுவே "எதுக்குடா சுரங்கம்?" என்று கேட்கக் கேட்க பயமே போய்விட்டது.

கேட்டவர்: சரிங்க, படம் வரைய உட்கார்ந்துவிட்டாள். பாட்டியையும் கூப்பிடுகிறேன்.