புதுப்பிப்பு: தனியாளாக வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தது

ஒரே சம்பளம், கையில் கொஞ்சம் சேமிப்பு. அதை வீட்டுக் கடனில் போடலாமா, வைப்புநிதியிலேயே விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடன் முடிந்துவிட்டது.

கைகொடுத்தது, "ஆறு மாதச் செலவுக்குத் தனியே ஒதுக்கிவிட்டு மீதியை அசலில் கட்டுங்கள், தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்ற யோசனைதான். வேலை போனால் தாங்கிக்கொள்ள இன்னொரு சம்பளம் இல்லாத வீட்டில் முதல் பாதிதான் உயிர்நாடி. இரண்டாவதை எழுத்தில் கொடுத்தேன். வாய்வார்த்தையாகச் சொன்னபோது கிளையில் தவணையைக் குறைக்கத்தான் பார்த்தார்கள். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை, அது ரிசர்வ் வங்கி விதி.

எதிர்பாராதது அப்புறம் வந்தது. கடன் முடிந்த கடிதம் கையில் இருக்க, வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நின்றது. கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி (சொத்துப் பத்திரங்களை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிந்திருந்தால், அதை முடிக்க, கடன் தீர்ந்ததைச் சொல்லும் ரசீது ஆவணம் பதிய வேண்டும். அதற்கு வங்கி அதிகாரியும் வரவேண்டும். அவரிடம் ஒரு தேதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் இதுதான் விதி. இதைச் சொன்னதும் வேலை வேகமாக நடந்தது. பத்திரங்களை வாங்கும்போது பட்டியலை வைத்துச் சரிபாருங்கள். எனக்குத் தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய பத்திரம்) மட்டும் வேறு உறையில் இருந்தது.