புதுப்பிப்பு: லாக்கிங் ட்ரெமோலோ மாட்டியாச்சு

என் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு லாக்கிங் ட்ரெமோலோ (கம்பிகளைப் பூட்டிப் பிடித்து, பார் என்ற கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்க விடும் பிரிட்ஜ்) வாங்க நினைத்து, ஃப்ளாய்ட் ரோஸின் ஸ்பெஷல் மாடலா, ஒரிஜினல் மாடலா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒரிஜினலையே மாட்டிவிட்டேன். முக்கியக் காரணம் சேடில்கள். ஸ்பெஷலில் அவை துத்தநாகக் கலவை, ஒரிஜினலில் கடினப்படுத்திய எஃகு. கம்பியை இறுக்கிப் பிடிக்கும் இடமே அதுதான்.

பிரிட்ஜின் கத்தி முனை கிட்டார் உடலில் பதித்த இரண்டு ஸ்டட்களில் (திருகுத் தூண்களில்) சாய்ந்துதான் ஆடுகிறது. அந்த முனை மழுங்கினால், பாரை விட்டதும் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பாது. அதனால் ஸ்டட் உயரத்தை மாற்றும் முன் கம்பிகளைக் கட்டாயம் தளர்த்திவிடுங்கள். அப்புறம், வாங்கும் முன் நட் (கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் தாங்கும் பட்டை) அகலத்தையும் பிளாக் (பிரிட்ஜின் அடியில் இருக்கும் உலோகக் கட்டி) உயரத்தையும் அளந்துவிடுங்கள். எனக்கு 37 மில்லிமீட்டர் பிளாக் சரியாக உட்கார்ந்தது.

இப்போது பாரை முழுசாக அழுத்தி முழு டைவ் அடித்துவிட்டு வந்தாலும் ஜி கம்பியின் சுருதி அசையவில்லை, அவ்வளவு சந்தோஷம்! அடிக்கடி டியூனிங் மாற்றுபவர்களுக்கு மட்டும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன்: ஒரு கம்பியைத் தளர்த்தினால் மற்ற ஐந்தின் சுருதியும் ஏறிவிடும்.