குழாய்ப் பள்ளத்தில் பாறை: அளவு எப்படி எடுப்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கம் 160 மி.மீ. தண்ணீர்க் குழாய் வேலை, ஜிசிசி 2015 (அங்கத்திய கட்டுமான வேலைக்கான பொது நிபந்தனைகள்) ஒப்பந்தம். பில்லில் (ஒப்பந்தத்தோட அளவுப் பட்டியல்) பள்ளத்தின் அகலம் 0.76 மீட்டர், தோண்டினது 1 மீட்டர். எதுக்குக் காசு தருவாங்க அண்ணா?

பதில் 1: 0.76-க்குத்தான் தம்பி. 100 மீட்டர் நீளம், 1.2 ஆழம்னா 91.2 கன மீட்டர். தோண்டினது 120. மிச்சம் 28.8 கான்ட்ராக்டர் தலையில்.

பதில் 2: அதைவிடப் பாறை எவ்வளவு இருந்துச்சுங்கறதுதான் பெரிய தகராறு. மேல்மண்ணை எடுத்ததும், பாறையை உடைக்கும் முன்னாடி, 5 மீட்டருக்கு ஒரு லெவல் (பாறை மேல்மட்டத்தோட உயர அளவு) எடுங்க. இன்ஜினியரோட ஆள்கிட்ட அன்னைக்கே கையெழுத்து வாங்குங்க. லாரி லோடை எண்ணாதீங்க. உடைச்ச பாறை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உப்பும்.

கேட்டவர்: கையெழுத்துப் போட மாட்டேன்னா?

பதில் 1: டேப் வெச்ச போட்டோவோட எழுத்துல கொடுங்க. க்ளெய்முக்கு, அதாவது கூடுதல் காசு கேட்டு எழுத, 28 நாள்தான். வாட்ஸாப்பை மட்டும் நம்பாதீங்க.