கென்யா பாஸ்போர்ட், ஷெங்கன் டூரிஸ்ட் விசா ரிஜெக்ட் ஆயிருச்சு, திரும்ப போடலாமா? உதவி பண்ணுங்க

நைரோபிவாசி
எல்லாருக்கும் வணக்கம். நான் நைரோபில 6 வருஷமா இருக்கேன். கேள்வி எனக்கு இல்ல, என்கூட அக்கவுன்ட்ஸ்ல வேலை பாக்குற கென்யா தோழிக்கு. ஆகஸ்ட் 8 டு 17 நானும் என் வீட்டுக்காரரும் அவங்களும் சேர்ந்து பாரிஸ் 6 ராத்திரி ஆம்ஸ்டர்டாம் 3 ராத்திரின்னு பிளான் போட்டோம், எங்க ரெண்டு பேருக்கும் இந்தியன் பாஸ்போர்ட், மார்ச்லயே ஷெங்கன் விசாவுக்கு, அதான் ஐரோப்பால பல நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா, அப்ளை பண்ணி வந்துருச்சு. அவங்களுக்கு அப்ப லீவு உறுதியாகல, அதனால பின்னாடி தனியா போட்டாங்க, போன வாரம் ரிஜெக்ட். லெட்டர்ல ரெண்டு கட்டத்துல டிக் போட்டிருக்கு. ஒண்ணு, பயணத்தோட நோக்கத்துக்கு கொடுத்த தகவல் நம்புற மாதிரி இல்ல. இன்னொண்ணு, விசா முடியறதுக்குள்ள திரும்பிப் போவாங்களாங்கறதுல சந்தேகம்.

அவங்களுக்கு 34 வயசு, 8 வருஷமா அதே கம்பெனி, சம்பளம் 85,000 ஷில்லிங், 9 வயசுல பொண்ணு இருக்கா, நியேரி ஊர்ல பாட்டிகிட்ட இருந்து படிக்கிறா. அக்கவுன்ட்ல 4,20,000 ஷில்லிங் காட்டினாங்க. இதுக்கு மேல என்ன காட்டணும்னே தெரியல. லெட்டர படிச்சிட்டு பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்து உக்காந்து வேலை பாத்தாங்க, எனக்கு மனசே ஆறல. அப்பீல் போறதா, புதுசா போடறதா?

லாகோஸ் குமார்
சிஸ்டர், ஆப்பிரிக்கால மொரீஷியஸ், சீஷெல்ஸ் இந்த ரெண்டு பாஸ்போர்ட்டுக்கு தான் விசா இல்லாம ஷெங்கன் உள்ள போக முடியும், மத்த எல்லாரும் இந்த வழியா தான் போயாகணும், அதனால உங்க தோழிய தைரியமா இருக்க சொல்லுங்க. இங்க என் ஆஃபீஸ்ல ரெண்டு தடவ ரிஜெக்ட் ஆகி மூணாவது தடவ வாங்கினவங்க இருக்காங்க. அந்த 4,20,000 எப்ப அக்கவுன்ட்டுக்கு வந்துச்சு? அத சொல்லுங்க முதல்ல.

கம்பாலா ராஜி
நானும் அதான் கேக்க வந்தேன். கூடவே இன்னொண்ணு, எந்த நாட்டுக்கு அப்ளை பண்ணாங்க, ஹோட்டல் யார் புக் பண்ணது? நாட்டு பேர் இங்க போட வேண்டாம், பிரான்ஸா இல்ல வேறயான்னு மட்டும் சொல்லும்மா.

நைரோபிவாசி
ராஜி அக்கா, கேட்டுட்டு வந்தேன். பிரான்ஸ் இல்ல. ஏப்ரல்ல ஸ்லாட் கிடைக்கலன்னு ஒரு ஏஜென்ட்கிட்ட போயிருக்காங்க, அவர் வேற ஒரு நாட்டுக்கு ஸ்லாட் சுலபமா கிடைக்கும், ஷெங்கன்ல எதுல வாங்கினா என்னன்னு சொல்லி, அங்க ரெண்டு ராத்திரி சேத்து போட்டு ஹோட்டலும் அவரே புக் பண்ணி கொடுத்திருக்கார். இப்ப அந்த ஹோட்டல் நம்பர போட்டு பாத்தா அப்ளிகேஷன் கொடுத்த மறுநாளே கேன்சல் ஆயிருக்கு. எனக்கு இது தெரியவே தெரியாது, அவங்களுக்கும் தெரியாது.

பணம்: பேப்பர் கொடுக்கறதுக்கு 12 நாள் முன்னாடி மொத்தமா வந்தது. அவங்க சாமா முறை வந்து கிடைச்ச பணம். சாமான்னா நம்ம ஊர் சீட்டு மாதிரி, 14 பொம்பளைங்க சேர்ந்து மாசா மாசம் போட்டு ஒருத்தருக்கு ஒருத்தர் எடுத்துக்கறது. மத்தபடி சம்பளம் வந்த அன்னைக்கே எம்-பெசாக்கு, அதான் போன்லயே பணம் வச்சு அனுப்பற சேவை, மாத்திருவாங்க, இங்க வாடகை, ஸ்கூல் ஃபீஸ், காய்கறி எல்லாமே அதுல தான். அதனால பேங்க் ஸ்டேட்மென்ட் பாத்தா மாசம் பூரா காலியா இருக்கும்.

கம்பாலா ராஜி
பாத்தியா, ரெண்டு டிக்குக்கும் காரணம் கெடச்சிருச்சு. நான் 11 வருஷமா கம்பாலால எங்க ஆஃபீஸ் பசங்களுக்கு பேப்பர் ரெடி பண்ணி கொடுக்கறேன், இத தான் திரும்ப திரும்ப பாக்கறேன்.

ஒண்ணு, எந்த நாட்டுல அதிக நாள் தங்குறோமோ அங்க தான் அப்ளை பண்ணணும், நாள் சமமா இருந்தா முதல்ல இறங்குற நாடு. உங்க பிளான்படி அது பிரான்ஸ். ஏஜென்ட் ஸ்லாட்டுக்காக நாட்ட மாத்தினாரு, அப்புறம் ஹோட்டலயும் கேன்சல் பண்ணாரு, அதிகாரி செக் பண்ணா புக்கிங் இல்ல. இதுக்கப்புறம் அவங்க சொல்ற எதையும் எப்படி நம்புவாங்க சொல்லு.

ரெண்டாவது, காலியா கிடந்த அக்கவுன்ட்ல திடீர்னு 4 லட்சம் விழுந்தா, யாரோ கடன் கொடுத்து விசா வந்ததும் திருப்பி வாங்கிக்கற பணம்னு தான் நினைப்பாங்க. அது அவங்க மாசா மாசம் வயித்த கட்டி போட்ட சீட்டு பணம்னு பேப்பர்ல எங்கயும் இல்லியே. நமக்கு சீட்டு தெரியும், அந்த டெஸ்க்ல உக்காந்திருக்கவருக்கு தெரியணும்னு இல்ல, எழுதி காட்டணும். சாமா தலைவி, பொருளாளர் ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட லெட்டர், எந்த மாசம் எவ்வளவு கட்டினாங்கங்கற பதிவேடு காப்பி, குழு பதிவாகியிருந்தா அந்த சர்டிஃபிகேட். எம்-பெசா ஸ்டேட்மென்ட் 6 மாசத்துக்கு எடுத்து பேங்க் ஸ்டேட்மென்ட் பக்கத்துலயே வைங்க, சம்பளம் இங்க வந்து அங்க போகுது அங்கேர்ந்து வாடகை போகுதுன்னு மார்க்கர் பேனால கோடு போட்டு காட்டுங்க. அவங்க வாழ்க்கை பூரா எம்-பெசாக்குள்ள இருக்கு, அத காட்டாம காலி அக்கவுன்ட்ட காட்டினா எப்படி.

புதுமுகம்
புது அப்ளிகேஷன்ல பழைய ரிஜெக்ட பத்தி வாயே திறக்காதீங்க, வேற நாடு தானே, தெரியாது.

கம்பாலா ராஜி
தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. எல்லா ஷெங்கன் நாடும் ஒரே சிஸ்டம் தான் பாக்குது, ரிஜெக்ட் ஆனதும் அதுல 5 வருஷம் இருக்கும். மறைச்சா சந்தேகம் தான் கூடும். கவர் லெட்டர்ல நேரா எழுதுங்க, ஏஜென்ட் மூலமா போட்டேன், தப்பான நாட்டுக்கு போட்டாரு, ஹோட்டல் கேன்சல் ஆனது எனக்கு தெரியாது, இந்த தடவ எல்லாம் நானே பண்ணியிருக்கேன்னு. அரை பக்கம் போதும்.

பாரிஸ் யாழினி
வணக்கம் அக்கா. ராஜி அக்கா சொல்லுறது முழுக்க சரி. நான் பாரிஸில இருக்கிறன், என்ர சொந்தக்காரர் இலங்கையில இருந்து வர எத்தினை தரம் பேப்பர் அனுப்பியிருப்பன், உங்கட தோழியின்ர கவலை எனக்கு நல்லா விளங்குது. பிரான்ஸ் காசு கணக்கு என்னெண்டால், ஹோட்டல் புக்கிங் இருந்தால் நாளுக்கு 65 யூரோ, ஹோட்டலும் இல்லை வீடும் இல்லையெண்டால் 120, ஆரும் இங்க மேரியில, அதான் நகரசபையில, எடுத்த அழைப்புப் பத்திரம் அனுப்பினால் 32.50. பத்து நாளுக்கு 65 படி 650 யூரோ தான் வருது, அதால அவவின்ர காசு காணும். எவ்வளவு இருக்கெண்டதை விட எங்கயிருந்து வந்ததெண்டது தான் பிரச்சினை.

இன்சூரன்ஸ் ஆகக்குறைஞ்சது 30,000 யூரோ, ஷெங்கன் முழுக்கச் செல்லுபடியாக வேணும். பாஸ்போர்ட் திரும்பி வாற நாளுக்குப் பிறகு 3 மாசம் இருக்க வேணும், ரெண்டு வெறும் பக்கம் இருக்க வேணும். டிக்கெட்டுக்குக் காசு கட்டிப் போடாதேங்கோ, ரிசர்வேஷன் காணும்.

லாகோஸ் குமார்
அப்பீல் பத்தி கேட்டீங்களே, ரிஜெக்ட் பண்ண நாட்டுக்கு நாடு அது மாறும், எத்தன நாள் எங்க போடணும்னு அந்த லெட்டர்லயே இருக்கும். பிரான்ஸ்ல 30 நாள், ஜெர்மனில 2025 ஜூலை 1லேர்ந்து எம்பசிகிட்டயே மறுபரிசீலனை கேக்கறத எடுத்துட்டாங்க, கோர்ட்டுக்கு தான் போகணும். ஆனா உங்க கேஸ்ல பேப்பரே தப்பு, அப்பீல்ல என்னத்த வாதாடறது, புதுசா போடுங்க. காத்திருக்கணும்னு ரூல் கிடையாது. 90 யூரோ திரும்ப கட்டணும், அது தான் வலி, 13,000 ஷில்லிங் பக்கம் வரும், மேல விசா சென்டர் சர்வீஸ் சார்ஜ் வேற. ஒரு மாச சம்பளத்துல எவ்ளோ பெரிய துண்டு அது. ரிஜெக்ட் ஆனாலும் திருப்பி தர மாட்டாங்க.

சாதாரணமா 15 நாள்ல முடிவு, இழுத்தா 45 நாள் வரைக்கும் போகலாம். அதனால மே மாசத்துக்குள்ள கொடுத்துருங்க.

நைரோபிவாசி
ரொம்ப நன்றி எல்லாருக்கும். திரும்பி வருவாங்கங்கறதுக்கு என்ன வைக்கலாம்? சொத்து எதுவும் அவங்க பேர்ல இல்ல, நிலம் அம்மா பேர்ல. சனிக்கிழமை கிகோம்பா சந்தைலேர்ந்து மிதும்பா, அதான் வெளிநாட்டு பழைய துணி, மூட்டையா எடுத்து வித்துட்டு இருக்காங்க, அத காட்டலாமா வேண்டாமான்னு பயப்படுறாங்க.

கம்பாலா ராஜி
கண்டிப்பா காட்டணும். எம்-பெசால அந்த வரவு எப்படியும் தெரியும், சொல்லாம விட்டா தான் கேள்வி வரும். வியாபாரத்துக்கு கவுன்டி (உள்ளூர் அரசு) பர்மிட் இருந்தா காப்பி, வருமான வரி தாக்கல் பண்ணதுல இது இருந்தா அதோட காப்பி. ஆஃபீஸ் லெட்டர்ல பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், லீவு எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும், எப்ப திரும்ப வேலைக்கு வரணும், இதெல்லாம் இருக்கணும், நீ தான் பக்கத்து சீட்ல இருக்கியே எச்ஆர்கிட்ட உக்காந்து எழுதி வாங்கு. பொண்ணோட பர்த் சர்டிஃபிகேட், ஸ்கூல் லெட்டர், அடுத்த டெர்முக்கு ஃபீஸ் கட்டின ரசீது வைங்க. சொத்து பத்திரம் இல்லன்னா பரவால்ல, 8 வருஷ வேலையும் ஒரு குழந்தையும் சின்ன விஷயமா?

உங்க ரெண்டு பேர் விசா காப்பியும் வைங்க, மூணு பேரும் ஒரே ஹோட்டல், ஒரே ரயில்னு தெரியணும். ஹோட்டல் அவங்க கார்டுலயே புக் பண்ணுங்க, கேன்சல் பண்ற மாதிரி புக்கிங்கா இருந்தாலும் பாஸ்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் தொடாதீங்க.

நைரோபிவாசி (5 வாரம் கழிச்சு)
வந்துருச்சு!! இன்னைக்கு மதியம் கவர பிரிச்சு ஸ்டிக்கர பாத்துட்டு ரெண்டு பேரும் ரோட்லயே கட்டிப் பிடிச்சு அழுதோம். சாமா லெட்டர் பதிவேடு எல்லாம் சேர்த்து 41 பக்கம் கொடுத்தோம். ஒரே ஒரு சந்தேகம், ஸ்டிக்கர்ல ஆகஸ்ட் 8லேர்ந்து செப்டம்பர் 1 வரைக்கும்னு இருக்கு, கீழ 10 நாள்னு இருக்கு, சிங்கிள் என்ட்ரி. செப்டம்பர் வரைக்கும் இருக்கலாம்னு அவங்க தங்கச்சி சொல்றாங்க, சரியா?

பாரிஸ் யாழினி
இல்லை அக்கா, கவனம்! 10 நாள் தான் இருக்கலாம், வந்திறங்குற நாளும் வெளிக்கிடுற நாளும் சேர்த்து. மற்ற 15 நாளும், பிளைட் தேதி மாறினால் உதவும் எண்டு சேர்த்துக் குடுக்கிறது. 2025 அக்டோபர் 12ல புது எல்லை சிஸ்டம் தொடங்கினதில இருந்து நாள் கணக்கைக் கம்ப்யூட்டரே பாக்குது, ஒரு நாள் கூடினாலும் அடுத்த விசாவுக்குப் பிரச்சினை. ஆம்ஸ்டர்டாம் ரயிலில போய் வரலாம், ஆனால் இடையில லண்டன் போகக் கூடாது, அது ஷெங்கன் இல்லை, சிங்கிள் என்ட்ரி எண்டபடியால் போனால் திரும்பி உள்ள வரேலாது. ஹோட்டல், இன்சூரன்ஸ், ரிட்டர்ன் டிக்கெட் பேப்பரை கைப்பையில வைக்கச் சொல்லுங்கோ, எயார்போட்டில கேட்டால் உடன எடுத்துக் குடுக்கலாம்.

பாரிஸில ஒரு நாள் லா ஷப்பல் பக்கம் வாங்கோ, மூண்டு பேருக்கும் கொத்து ரொட்டி என்ர செலவில.

நைரோபிவாசி
அவங்ககிட்ட படிச்சு காட்டினேன், அசான்டே சானா, அதான் சுவாஹிலில ரொம்ப நன்றி, சொல்ல சொன்னாங்க. கொத்துல காரம் எவ்வளவு இருக்கும்னு இப்பவே கேக்கறாங்க.